ஈமாக்ஸில் சந்திப்பு நினைவூட்டல்: கல்லடியிலிருந்து கல்முனை போகிறவருக்கு எந்த வழி?

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் சந்திப்புகளை நினைவூட்டுவதற்கு ‘ஆப்ட்’ என்றொரு பகுதி இருக்கிறது. எதையும் மாற்றாமல் விட்டால் அது குறித்த நேரத்துக்கு 12 நிமிடம் முன்பு எச்சரிக்கும். நான் கல்லடியில் குடியிருக்கிறேன். 12 நிமிடத்தில் வீதிக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஏறி, காத்தான்குடியைத் தாண்டினாலே பெரிய விடயம். என் வேலையோ பெரும்பாலும் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, கல்முனையில். சில நாட்கள் அங்கிருந்தும் காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறை நகரம் வரை போக வேண்டியிருக்கும். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மருதமுனை என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு, மேசையில் விட்டுவந்த கணினி இந்நேரம் மணி அடித்திருக்குமே என்று நினைத்த நாட்கள் எனக்கு உண்டு.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், விவாகப் பதிவு, நீதிமன்றத்துக்குப் போகும் சத்தியக் கடதாசி என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையே நாள் முழுவதும் எழுத்து வேலை. அதை ஈமாக்ஸில்தான் செய்கிறேன். 2020இல் வந்த 27ஆம் பதிப்பு எழுத்துருக்களை ஒழுங்குபடுத்த ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னர், ‘கொ’, ‘ஸ்ரீ’ போன்றவை சிதறாமல் ஒழுங்காக வருகின்றன. எழுதும் இடத்திலேயே நாட்குறிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். ஓர் ஆவணத்தை மொழிபெயர்க்கும்போதே அதை எப்போது, எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இரண்டு இடத்தில் தேட வேண்டியதில்லை.

கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கும் தங்கை ஒருத்தி அண்மையில் கேட்டாள்: “அக்கா, ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், அதையே போட்டுக்கொள்கிறேன்.” நான் உடனே பதில் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு நீ எங்கே இருப்பாய் என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் வழி மாறும். நான்கைந்து ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எது என்ன செய்யும் என்று பார்த்து நினைவூட்டலைத் தெரிவு செய்யக் கூடாது. எல்லாமே மணி அடிக்கும். எல்லாமே திரையில் எழுத்துக் காட்டும். எது எப்படித் தவறும் என்பதையே பார்க்க வேண்டும். அச்சுப்பொறி பழுதானால் உடனே தெரிந்துவிடும். நினைவூட்டல் பழுதானால் ஒன்றும் தெரியாது. அன்றைய நாள் வழக்கம்போலவே போகும், அழைப்பு வரும் வரைக்கும். ஆகவே ஒவ்வொரு வழியையும் அது எந்த இடத்தில் சத்தமில்லாமல் கைவிடும் என்ற கண்ணால்தான் ஒப்பிடுகிறேன்.

டயரிக் கோப்பும் ஆப்டும்

இதுதான் மிகப் பழைய வழி. ஈமாக்ஸோடு கூடவே வருவது. வேறெதையும் நிறுவ வேண்டாம், இணையமும் வேண்டாம். டயரி என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் திகதியையும் நேரத்தையும் விடயத்தையும் ஒரு வரியில் எழுதுகிறோம். ‘ஆப்ட்-ஆக்டிவேட்’ என்ற கட்டளையை, ஈமாக்ஸ் திறக்கும்போது வாசிக்கும் ஆரம்பக் கோப்பில் ஒரு தடவை போட்டுவிட்டால், இன்றைய வரிகளை அது எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும். டயரியில் ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்த உடனேயே பட்டியலும் புதுப்பிக்கப்படும். நள்ளிரவு தாண்டினால் புதிய நாளின் பட்டியலைத் தானே கட்டிக்கொள்ளும். இந்தத் தன்னிச்சையான புதுப்பிப்பு எவ்வளவு பெரிய வசதி என்பது அடுத்த வழிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை என்பது போன்ற திரும்பத் திரும்ப வரும் நாட்களுக்கு ‘டயரி-ஃப்ளோட்’ இருக்கிறது. பௌர்ணமியைக் கணித்துக் காட்டவும் கட்டளை உண்டு. இங்கே போயா தினத்தில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால் அதை ஆவலோடு போட்டுப் பார்த்தேன். ஆனால் வானியல் கணக்கில் வரும் பௌர்ணமியும் அரசாங்கம் அறிவிக்கும் போயா விடுமுறையும் எப்போதும் ஒரே நாளில் விழுவதில்லை. இஸ்லாமிய நாட்காட்டியும் அப்படித்தான்: ஈமாக்ஸில் இருப்பது எண்கணித முறை, நோன்பும் பெருநாளும் பிறை பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் எனக்கு அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிது. ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறைப் பட்டியலைக் கையால் உள்ளிடுவதே சரி.

இனி இது தவறும் இடங்கள். முதலாவது, திகதி எழுதும் முறை. ஈமாக்ஸ் நாட்காட்டியின் இயல்பான முறை அமெரிக்க முறை. அதாவது மாதம் முதலில், நாள் பிறகு. நாம் எழுதுவது நாள் முதலில். ஒரு ஜூலை மாதக் கடைசியில் ‘7/8’ என்று எழுதி வைத்தேன். ஓகஸ்ட் 7ஆம் திகதி கல்முனையில் ஒரு குடும்பத்துக்கு மொழிபெயர்த்த அத்தாட்சிப்பத்திரங்களை நேரில் ஒப்படைக்க வேண்டும்; வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அதுவே அவர்களின் கடைசி நாள். ஈமாக்ஸ் அதை ஜூலை 8 என்று வாசித்திருக்கிறது. அந்த நாள் ஏற்கனவே கடந்துபோயிருந்தது. ஆகவே எந்த மணியும் அடிக்கவில்லை. அந்தத் தாய் தொலைபேசியில் அழைத்தபோது நான் மட்டக்களப்புச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பிற்பகலுக்குள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டேன் என்றாலும், அவருடைய குரலில் இருந்த பதற்றம் இன்னும் என் காதில் இருக்கிறது. ‘14/8’ என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான்: 14ஆம் மாதம் என்று ஒன்று இல்லை, பிழை என்றும் சொல்லாது, நினைவூட்டவும் மாட்டாது. ‘கேலண்டர்-டேட்-ஸ்டைல்’ என்ற அமைப்பை ஐரோப்பிய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் முதல் வரியையே எழுத வேண்டும்.

இரண்டாவது, நேரம் எழுதும் முறை. திகதிக்குப் பின்னால் உடனே நேரம் வர வேண்டும் என்பது ஆப்டின் நிபந்தனை. தமிழில் எழுதும் நாம் ‘காலை 9.30’ என்றுதான் எழுதுவோம். முன்னால் ‘காலை’ நின்றால் அந்த வரியை அது சந்திப்பாகவே எடுத்துக்கொள்ளாது. ‘மாலை 4.00’ என்பதை 16 மணி என்று புரிந்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. இலக்கத்தை முன்னால் வைத்து, 24 மணிக் கணக்கிலோ, இலக்கத்தை ஒட்டி ஆங்கிலத்தில் am, pm சேர்த்தோ எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. இலக்கத்துக்கு நடுவே புள்ளி வைத்தாலும் இருபுள்ளி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அது ஓர் ஆறுதல்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன 12 நிமிடம். அதை 120 ஆக்கலாம். ஆக்கினேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மீண்டும் காட்டும் என்பது இன்னோர் இயல்பான அமைப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் 40 தடவை திரை பிளந்து செய்தி வந்தால் மனிதர் என்ன செய்வார்? பத்தாவது தடவைக்குப் பிறகு கண் அதை வாசிப்பதையே நிறுத்திவிடும். அதுவும் சத்தமில்லாத தவறுதான். எச்சரிக்கை நேரத்தைக் கூட்டுகிறவர் காட்டும் இடைவெளியையும் கூட்ட வேண்டும். முதலாவது, இரண்டாவதால் மீதியின்றி வகுபடும்படி இருக்கட்டும். குறிப்பிட்ட ஒரு சந்திப்புக்கு மட்டும் வேறு எச்சரிக்கை நேரம் வேண்டுமானால், டயரி வரியின் கடைசியில் இரண்டு எண்குறிகளும் (##) ‘வார்ன்டைம்’ (warntime) என்ற சொல்லும் நிமிடமும் எழுதினால் போதும்.

ஆர்க் அஜெண்டாவிலிருந்து ஆப்டுக்கு

இன்று ஈமாக்ஸ் பயன்படுத்தும் பலர் டயரியில் எழுதுவதில்லை, குறிப்புகளையும் வேலைகளையும் எழுதிவைக்கும் ஆர்க்-மோட் என்ற பகுதியில் எழுதுகிறார்கள். கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கியது அது. தலைப்பு, அதன் கீழே குறிப்பு, கோணல் அடைப்புக்குள் திகதியும் நேரமும். ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வரிசைதான் என்பதால், என்னைக் கவிழ்த்த ‘7/8’ குழப்பம் இங்கே பிறக்கவே பிறக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் டயரியை விட்டு வெளியே வந்தேன். திகதி கேட்கும் இடத்தில் நாட்காட்டி திறக்கும். கிழமையையும் தானே போடும். கிழமை தப்பாக இருக்கிறதே என்று பார்த்தே பல பிழைகளைப் பிடித்திருக்கிறேன்.

ஆர்க் தானாக மணி அடிப்பதில்லை. ஆர்க் கோப்புகளிலிருந்து திரட்டிக் காட்டும் நாட்பட்டியலுக்கு அஜெண்டா என்று பெயர். ‘ஆர்க்-அஜெண்டா-டு-ஆப்ட்’ என்ற கட்டளை அன்றைய அஜெண்டாவில் நேரம் குறித்துள்ளவற்றை எடுத்து ஆப்டின் பட்டியலில் சேர்க்கும். மிச்ச வேலையை ஆப்ட் பார்த்துக்கொள்ளும். இந்தக் கூட்டுத்தான் வலையில் தேடினால் முதலில் கிடைக்கும் பரிந்துரை. நல்ல பரிந்துரைதான். ஆனால் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் நான்கு விடயங்களைச் சொல்வதில்லை.

அந்தக் கட்டளை இன்றைய நாளை மட்டுமே பார்க்கும். ஆரம்பக் கோப்பில் ஒரு வரியாகப் போட்டால், ஈமாக்ஸைத் திறந்த நாளின் சந்திப்புகள் மட்டும் வரும். நான் ஈமாக்ஸை மூடுவதே இல்லை; பின்னணிச் சேவையாக நாட்கணக்கில் ஓடுகிறது. முதல் நாள் அருமையாக மணி அடித்தது. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. வேலை இல்லாத நாள் என்று நினைத்தேன். இதுதான் இந்த வழியின் மிக மோசமான குழி: வெறுமை என்பது ஓய்வா, பழுதா என்று பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் இல்லை. தீர்வு, ஒரு நேரக்கருவியை வைத்து அந்தக் கட்டளையை மணிக்கு ஒருமுறை திரும்ப ஓட்டுவது. நள்ளிரவில் ஒரு தடவை என்று பலர் எழுதுகிறார்கள். பகலில் ஒரு தவணையை மாற்றினால் அது அன்றே பட்டியலுக்கு வர வேண்டும் என்பதால் நான் மணிக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

மாற்றிய தவணைதான் இரண்டாவது குழி. காலை பத்து மணி என்றிருந்ததைப் பிற்பகல் இரண்டு என்று ஆர்க் கோப்பில் மாற்றினால், இரண்டு மணிக்கான நினைவூட்டல் புதிதாகச் சேரும்; பத்து மணியுடையது பட்டியலில் அப்படியே இருக்கும். இரத்துச் செய்ததற்கும் மணி அடிக்கும். கட்டளையைப் புதுப்பிக்கும் முறையில் ஓட்டினால் பழையது துடைக்கப்படும். ஆனால் அப்போது டயரிக் கோப்பிலிருந்து வந்தவையும் சேர்ந்தே துடைபடும். இரண்டையும் கலந்து வைத்திருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் நில்லுங்கள்.

மூன்றாவது, அஜெண்டா எந்தக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்று நாம் தரும் பட்டியல். புதிய வழக்குக்குப் புதிய கோப்பைத் திறந்து, அதைப் பட்டியலில் சேர்க்க மறந்தால், அந்தக் கோப்பில் எழுதிய எதுவும் இல்லாததற்குச் சமம். தனித்தனிக் கோப்பின் பெயரைக் கொடுக்காமல் முழுக் கோப்புறையையும் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

நான்காவது நுட்பமானது. ஆப்டின் செய்தியைக் கணினியின் மேசைத்திரை அறிவிப்பாக மாற்ற எல்லோரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிக்கொள்கிறோம். லினக்ஸில், நிரல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் டி-பஸ் வழியாக அறிவிப்பு அனுப்பும் வசதி 24ஆம் பதிப்பிலிருந்தே ஈமாக்ஸில் இருக்கிறது; விண்டோஸுக்கு வேறு கட்டளை. ஒரே நேரத்தில் இரண்டு சந்திப்புகள் வந்தால், ஆப்ட் அந்தச் செயற்கூறுக்கு ஒரு சொற்றொடரைத் தராமல் ஒரு பட்டியலாகத் தரும். பிரதி எடுத்து ஒட்டிய நிரல்கள் பல இதை எதிர்பார்க்காதவை. அவை அந்த இடத்தில் முறிந்துவிடும். ஆக, நாளில் மிக நெருக்கடியான நேரத்தில்தான் நினைவூட்டல் உடைகிறது. பரீட்சித்துப் பார்க்கும்போது ஒரே நேரத்துக்கு இரண்டு வரிகளை எழுதிப் பார்த்துவிடுங்கள். அறிவிப்பின் அவசர நிலையை உச்சத்தில் வைத்தால், பெரும்பாலான மேசைத்திரைகளில் நாம் கையால் அகற்றும் வரை அது நிற்கும். தேநீர் போடப் போய் வந்தாலும் காணலாம்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு இந்த வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு தலைப்பின் கீழ் ‘ஆப்ட்-வார்ன்டைம்’ என்ற பண்பை எழுதி 90 என்று கொடுத்தால் அந்தச் சந்திப்புக்கு மட்டும் 90 நிமிடம். பல நாட்களுக்கு முன்பே தெரிய வேண்டியதைக் கடைசி நாளாகக் குறித்தால் அஜெண்டாவில் 14 நாட்களுக்கு முன்பிருந்தே தோன்றத் தொடங்கும். மேசையில் இருந்து வேலை செய்கிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. மேசையில் இருக்கும் வரைக்கும்.

தனியாக நிறுவும் பொதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆர்க்-வைல்ட்-நோட்டிஃபையர்’ ஆப்டைத் தொடாமலே அஜெண்டாவை நிமிடந்தோறும் வேறொரு செயலாக ஓடிப் பார்த்து, ஒரு சந்திப்புக்குப் பல எச்சரிக்கைகளைத் தரும்: இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று, அரை மணி முன்பு ஒன்று என்று. மேலே நான் சொன்ன முதல் இரண்டு குழிகளும் இதில் இல்லை. நிரல் எழுத மனமில்லாதவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் வெளியிலிருந்து வரும் பொதியின் பராமரிப்பு ஒரு சிலரின் ஓய்வு நேரத்தை நம்பியது. ஆப்ட் ஈமாக்ஸின் உடலில் ஒரு பகுதி. நான் என் தொழிலின் தவணைகளை வைக்கும் இடம் என்பதால் உள்ளே இருப்பதையே தெரிவு செய்தேன்.

மடிக்கணினி மூடியிருக்கும்போது

மேலே உள்ள எல்லா வழிகளுக்கும் ஒரே எல்லை: கணினி விழித்திருக்க வேண்டும், நான் அதன் முன்னால் இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. என் பழைய மடிக்கணினியின் மின்கலம் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அந்த வாரங்களில் என் நினைவூட்டல் என்பது சுவரில் ஒட்டிய தாள்தான். இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் நவம்பர், டிசம்பர் பருவமழையில் வாவி நிறைந்து, காற்றும் சேர்ந்து மின்சாரம் போகும் நாட்கள் ஆண்டுதோறும் வருகின்றன. கணினி உறங்கிக்கொண்டிருக்கும்போது ஆப்டின் நேரக்கருவியும் உறங்கும். எழுந்த பிறகு, கடந்துபோன சந்திப்புக்கு அது மணி அடிக்காது.

ஆகவே மணி அடிக்கும் வேலையைக் கையடக்கத் தொலைபேசிக்குக் கொடுக்க வேண்டும். எழுதும் வேலை ஈமாக்ஸிலேயே இருக்கட்டும். இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று, ஆர்க் கோப்புகளை, நாட்காட்டிச் செயலிகள் வாசிக்கும் பொது வடிவமான ஐகேலண்டருக்கு ஏற்றுமதி செய்து தொலைபேசியின் நாட்காட்டிக்குக் கொடுப்பது. அஜெண்டாக் கோப்புகள் அனைத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதும் கட்டளை ஆர்க்கிலேயே இருக்கிறது. மணி அடிக்கும் நிமிடத்தைக் குறிக்கும் அமைப்பின் இயல்பான மதிப்பு பூச்சியம். அதாவது மணியே இல்லை. மாற்றாமல் விட்டால் நாட்காட்டியில் எல்லாம் அழகாகத் தெரியும், ஒன்றும் ஒலிக்காது. ‘ஆப்ட்-வார்ன்டைம்’ பண்பை இந்த ஏற்றுமதியும் மதிக்கும் என்பது எனக்குப் பிடித்த விடயம். ஒருமுறை எழுதினால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும். இன்னொன்று: செய்ய வேண்டியது என்று குறித்த தலைப்பின் கடைசி நாள், இயல்பாக நிகழ்வாகப் போகாது; போனாலும் பணியாகத்தான் போகும், தொலைபேசி நாட்காட்டிகள் பல பணிகளைக் காட்டுவதே இல்லை. சந்திப்பு என்றால் சாதாரண நேரமுத்திரையாக, அதாவது கோணல் அடைப்புக்குள் திகதியும் நேரமுமாக மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு ஏற்றுமதியிலும் அடையாள எண் மாறாமல் இருக்க, எண்ணைச் சேமிக்கும் அமைப்பையும் இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சந்திப்பு இரண்டு மூன்றாகப் பெருகும்.

அந்தக் கோப்பைத் தொலைபேசிக்குக் கொண்டுபோவது எப்படி? பொது இணையத்தில் ஒரு முகவரியில் வைத்து, நிறுவன நாட்காட்டி ஒன்றை அதற்குச் சந்தாவாக்குவது எளிது. நான் அதை எதிர்க்கிறேன். புதுப்பிக்கப் பல மணி நேரம் எடுக்கும் என்பது சிறிய குறை. பெரிய குறை வேறு. என் தலைப்புகளில் மனிதர்களின் பெயர் இருக்கிறது. விவாகரத்து வழக்கு, காணாமற்போனவரின் அத்தாட்சிப்பத்திரம், காணித் தகராறு என்று அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த விடயம் இருக்கிறது. முகவரி தெரிந்த எவரும் திறக்கக்கூடிய இடத்தில் அதை வைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்குள்ளேயே நாட்காட்டிகளைப் பகிரும் ராடிகேல் போன்ற சிறிய கால்டேவ் சேவையகத்தை ஓட்டி, தொலைபேசியில் அதற்கான செயலியைப் போடலாம். இரு பக்கமும் ஒத்திசைக்க ‘ஆர்க்-கால்டேவ்’ இருக்கிறது. எனக்கு அது தேவைக்கு மிஞ்சிய சிக்கலாக இருந்தது. ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

மற்றது, ஆர்க் கோப்புகளையே தொலைபேசிக்குக் கொண்டுபோவது. ஆண்ட்ராய்டில் ஆர்க்ஸ்லி என்ற செயலி ஆர்க் கோப்பை அப்படியே வாசித்து, திட்டமிட்ட நேரம், கடைசி நாள், சாதாரண நேரமுத்திரை ஆகியவற்றுக்கு மணி அடிக்கும். முதற் செயலியின் வளர்ச்சி தேங்கிய பிறகு, ‘ஆர்க்ஸ்லி ரிவைவ்ட்’ என்ற பெயரில் ஆர்வலர்கள் அதைத் தொடர்கிறார்கள். கோப்பை ஒத்திசைக்கச் சிங்திங். அது வீட்டு வைஃபைக்குள்ளேயே கணினியையும் தொலைபேசியையும் நேரடியாகப் பேசவைக்கும். இணையம் அறுந்தாலும் வேலை நடக்கும், கோப்பு எந்த நிறுவனத்தின் கணினியிலும் தங்காது. சிங்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதே நிரலை வைத்து மற்றவர்கள் தொடரும் கிளைச் செயலியைத்தான் இப்போது பயன்படுத்த வேண்டும்.

இது தவறும் இடங்களும் எனக்குத் தெரியும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் தொலைபேசியே இந்தச் செயலிகளை உறங்க வைத்துவிடும்; இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். கணினியிலும் தொலைபேசியிலும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தினால் மோதல் வரும். சிங்திங் மோதிய பிரதியை வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும் என்பதால் எதுவும் தொலையாது. ஆனால் எது சரியானது என்று நாமே பார்க்க வேண்டும். நான் தொலைபேசியில் எழுதுவதற்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். மற்றவற்றை அங்கே வாசிப்பதோடு சரி. இந்த ஒரு கட்டுப்பாட்டுக்குப் பிறகு மோதல் வந்ததில்லை.

2025 பெப்ரவரியில் வெளியான ஈமாக்ஸ் 30, ஆண்ட்ராய்டிலேயே நேரடியாக ஓடுகிறது. அறிவிப்பு அனுப்பவும் அதில் வழி உண்டு. சிறிய திரையில் என் விரல்களுக்கு அது ஒத்துவரவில்லை. பின்னணியில் தொடர்ந்து ஓட வேண்டும் என்ற பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. விசைப்பலகை இணைத்த டேப்லெட் வைத்திருப்பவர் முயன்று பார்க்கலாம்.

குறுஞ்செய்தி அனுப்பும் வழியும் உண்டு. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் மூலம் காலையில் ஈமாக்ஸைத் திரையின்றி ஓட்டி, அன்றைய அஜெண்டாவை எழுத்தாக எடுத்து, இணைத்த தொலைபேசி வழியாக அனுப்பலாம். எனக்கு நானே அனுப்பிக்கொள்ள அது தேவையில்லை. பொத்தான் தொலைபேசி மட்டும் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்ட அது நல்ல வழி. வாகரைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு முதியவருக்கு முதல் நாள் மாலை ஒரு செய்தி போவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தானியங்கியாக்காமல், அஜெண்டாவைப் பார்த்து நானே அனுப்புகிறேன். பிழையான செய்தி ஒன்று அவரை வீணாக அலைய வைத்துவிடும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்க் நேரமுத்திரையில் நேரவலயம் கிடையாது. எழுதியது உள்ளூர் நேரம்தான். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரோடு வாரந்தோறும் பேச வேண்டுமென்றால், கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அவர்களுடைய கடிகாரம் மாறும், நம்முடையது மாறாது. வாராவாரம் திரும்பும் முத்திரை இதை அறியாது. மார்ச்சிலும் நவம்பரிலும் கையால் திருத்த வேண்டும். அந்த இரண்டு திருத்தங்களையே இரண்டு நினைவூட்டல்களாக எழுதி வைத்திருக்கிறேன்.

இனி யாருக்கு எது

ஒலுவிலில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் காலை முதல் மாலை வரை தன் அறையில், கணினிக்கு முன்னால். கூட்டங்களும் அதே கட்டடத்தில். அவருக்கு ஆர்க் அஜெண்டாவும் ஆப்டும் மேசைத்திரை அறிவிப்பும் போதும். 12 நிமிடமும் அவருக்குத் தாராளம். தொலைபேசிக்குக் கொண்டுபோகும் உழைப்பு அவருக்கு வீண் என்று சொன்னேன். அவரும் அப்படியே வைத்துக்கொண்டார்.

எழுதுவினைஞர் தங்கையின் காலை ஒன்பது மணி நீதிமன்ற வளாகத்தில். மடிக்கணினி அலுவலகத்தில். அவளுக்கு ஆப்ட் முதலாவதாக வரக் கூடாது. ஆர்க்கில் எழுது, ஆர்க்ஸ்லியில் கேள் என்றேன். கணினியில் ஆப்டை விருப்பமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தவணைத் திகதிகள் அலுவலகத்தில் ஒரு பெரிய பேரேட்டிலும் எழுதப்படுகின்றன. அதை நிறுத்தச் சொல்லாதே என்றும் சொன்னேன். கோப்பும் பேரேடும் வாரம் ஒருமுறை ஒத்துப் பார்க்கப்பட்டால், எது எங்கே விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். வீட்டில் ஆப்ட், வீதியில் ஆர்க்ஸ்லி. எழுதும் கோப்பு ஒன்றே. ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கு ‘நினைவூட்டல் உயிரோடு இருக்கிறது’ என்ற ஒரு வரி இரண்டிலும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். அது ஒலிக்காத நாளில்தான் எனக்குச் செய்தி. வெறுமையையும் பழுதையும் பிரித்தறிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை நிமிடங்களோடு மல்லுக்கட்டுவதையும் நிறுத்திவிட்டேன். 90, 120 என்று பண்பு எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வெளியூர்ச் சந்திப்புக்கும் மேலே இன்னொரு தலைப்பு எழுதுகிறேன். அதன் நேரம் நான் வாசலைத் தாண்ட வேண்டிய நேரம். பஸ் ஓட்டம், மழை, கையில் கொண்டுபோக வேண்டிய முத்திரை, கட்டு எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் இருக்கும். ஆப்டுக்கும் ஆர்க்ஸ்லிக்கும் ஐகேலண்டருக்கும் அது சாதாரணச் சந்திப்பு; எந்தக் கருவியிலும் எந்தச் சிறப்பு அமைப்பும் வேண்டியதில்லை. வருகிற வியாழக்கிழமைக்கு இரண்டு வரிகள் எழுதியிருக்கின்றன. 9:30க்கு அம்பாறையில் சத்தியக் கடதாசி ஒப்படைப்பு. அதற்கு மேலே, 6:15க்கு: ‘அம்பாறைக்குப் புறப்படு. அம்மாவின் கிளினிக் கொப்பியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போ.’